பாட்டுக் கேட்டா முட்டி வலி போகுமா கண்ணு?

பல்லடம் சுற்றுவட்டாரத்தில் பகல் நேரத்தில் ஒரு பெண் படுத்திருந்தால், வாசலைக் கடந்து போகிற யாரும் பேசாமல் போக மாட்டார்கள். “ஏனுங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?” என்று ஒரு குரல் கட்டாயம் வரும். காய்ச்சல் என்று சொன்னால் ரசம் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். தலைவலி என்றால் மாத்திரை வரும். “ஒன்னுமில்லீங்க, சும்மா படுத்திருக்கேன்” என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. பொழுது சாய்வதற்குள் வீதி முழுக்கச் செய்தி போய்விடும். தறி ராத்திரி பகலாக ஓடுகிற ஊர். விடியும் முன்னே எழுந்து பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிற ஊர். உழைப்பைப் பற்றி எங்களுக்கு இருக்கிற பெருமையில் பாதி, சும்மா இருப்பவர்களைப் பற்றிப் பேசுவதில்தான் தீர்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு டாக்டர், “மாத்திரையைக் குறைச்சுக்கலாம்மா. ஒடம்பைத் தளர்த்தி ரிலாக்ஸ் பண்ணக் கத்துக்குங்க, பிடிச்ச பாட்டுக் கேளுங்க, தினமும் நடங்க” என்று சொன்னால் எப்படி இருக்கும்? என் குறுக்கு வலிக்கு ஒருவர் அப்படித்தான் சொன்னார். ஸ்கேனை விளக்கில் பிடித்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொன்னார். வெளியே வந்ததும் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி: “ஊசி போடலியா?”

நான் பள்ளிக்கூட ஆசிரியை. மருத்துவம் படித்தவள் இல்லை. என் இடுப்பும் அம்மாவின் முட்டி ஆபரேஷனும் அடுத்தடுத்து வந்ததால், இதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததைவிட வீட்டுக்குள் பார்த்ததில் கற்றுக்கொண்டது அதிகம். இரண்டையும் கலந்துதான் எழுதுகிறேன்.

காயம் பெரிதென்றால் வலி பெரிது, சிறிதென்றால் சிறிது என்பதுதான் நம் எல்லோருடைய கணக்கும். அந்தக் கணக்கு சரியில்லை என்று காட்டியவர்களில் ஒருவர் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்க மருந்து நிபுணர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலிப் போர்முனையில், படுகாயத்தோடு தூக்கி வரப்பட்ட சிப்பாய்களிடம் வலி மருந்து வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்களாம். 1946-ல் இதை எழுதினார். அவர் சொன்ன காரணம்: அந்தக் காயம் அவர்களுக்கு வீட்டுக்குத் திரும்பும் அனுமதிச் சீட்டு. இனிமேல் குண்டு இல்லை, உயிர் பிழைத்தாயிற்று. அதே அளவு வெட்டு ஆபரேஷன் மேஜையில் விழுந்த சாதாரண ஆட்களோ மருந்து கேட்டுத் துடித்தார்கள். எலும்பும் சதையும் எல்லாருக்கும் ஒன்றுதான். அந்த வலி அவரவருக்கு என்ன சேதி சொன்னது என்பதில்தான் வித்தியாசம்.

1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் இதற்கு உடம்புக்குள்ளேயே ஒரு வழி சொன்னார்கள். அடிபட்ட இடத்திலிருந்து கிளம்பும் சேதி நேராக மூளைக்குப் போவதில்லை, தண்டுவடத்தில் ஒரு வாயிலைத் தாண்டித்தான் போகிறது, அந்த வாயில் கூடவும் குறையவும் திறக்கும் என்றார்கள். வாய்க்கால் பாசனக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் தண்ணீர் விட்டாயிற்று என்பதற்காக எல்லாக் காட்டுக்கும் ஒரே மாதிரி பாயாது. மடை எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவுதான் உள்ளே வரும். கட்டில் காலில் முட்டியை இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்க்கிறதே, அது மடையைக் கீழிருந்து சாத்துவது. தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகும் தடித்த நரம்புகள் அந்த வேலையைச் செய்கின்றன. மேலிருந்து மூளையும் சாத்தும், திறந்தும் விடும். பயம், தூக்கக் கேடு, வெசனம் எல்லாம் திறந்துவிடுகிற சாதி. மனசு வேறொன்றில் லயித்தால், நிம்மதி வந்தால், மடை குறுகும். உடம்பு தானே சுரக்கும் எண்டார்பின் போன்றவை இதில் பங்கெடுக்கின்றன. அந்த 1965 வரைபடத்தின் நுணுக்கங்கள் அப்புறம் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் வலியின் அளவை மூளையும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது என்பது நிலைத்துவிட்டது. வலியை ஆராயும் சர்வதேசச் சங்கம் 2020-ல் திருத்தி வெளியிட்ட வரையறையிலும் வலி என்பது உடலுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த அனுபவம் என்றுதான் இருக்கிறது.

‘அப்ப எல்லாம் மனசுதான், நீ நடிக்கிற’ என்று இதை எடுத்துக்கொள்ளும் ஆட்களும் இருக்கிறார்கள். குறிப்பாக மருமகள்களுக்கு வலி வரும்போது. அவர்களிடம் வாதாடிப் பிரயோசனமில்லை. மூளையில் நடப்பதும் உடம்பில்தான் நடக்கிறது.

சரி, அம்மா கதைக்கு வருகிறேன்.

அம்மா ரொம்பக் காலம் தறிக் குடோனில் நின்றவர். எங்கள் வீட்டை ஒட்டியே குடோன். தறி நாடாவுக்குள் போகும் நூல் குச்சியான தாரைச் சுற்றுவது, தார் தீர்ந்தால் மாற்றுவது, அறுந்த நூலைப் பிணைப்பது என்று நின்றே தேய்ந்த முட்டிகள். கோவையில் ஆபரேஷன் ஆயிற்று. முட்டி மாற்று ஆபரேஷன் செய்தவர்களைக் கேட்டால் தெரியும், கத்தி வைக்கும்போது ஒன்றும் தெரியாது. அப்புறம் முட்டியை மடக்கப் பழக்குகிறார்களே, அதுதான் பாடு. அடுத்த நாளே வாக்கரைக் கொடுத்து எழுப்பி நிறுத்துகிறார்கள். பிசியோதெரபிக்கு வந்த பையன் கோபிசெட்டிபாளையத்துக்காரன், நல்ல மரியாதை. “ஏனுங்கம்மா, இன்னும் கொஞ்சம் மடக்குங்க, 90 டிகிரி வந்துரோணும்” என்பான். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, “உனக்கு டிகிரி வேணும்னா காலேஜுக்குப் போ தம்பி” என்பார்.

வீட்டுக்கு வந்த பிறகு, என் மகள் போனில் தேடி, ‘வலி தீர்க்கும் இசை’ என்று போட்டிருந்த ஒரு புல்லாங்குழலை ஓடவிட்டாள். தண்ணீர் ஓடும் சத்தம், குருவிச் சத்தம், நடுவில் குழல். எனக்கே தூக்கம் வந்தது. அம்மா முகத்தைச் சுளித்தார். “அந்தப் பீப்பீயெ மொதல்ல நிறுத்து சாமி.”

ரசனை இல்லாமல் சொன்னதாக மகள் நினைத்தாள். விஷயம் வேறு. விசைத்தறிக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். வருஷக்கணக்கில் அதற்குள் நின்றவர்களுக்குக் காது முதலில் இழப்பது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து உச்ச ஒலிகளை. குருவியும் ஓடைச் சலசலப்பும், குழலின் உச்ச ஸ்தாயியும் அம்மாவுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். கேட்ட பாதியும் கீச்சென்று இருந்திருக்கும். தறிக்காரர்கள் வீட்டில் டிவி ஏன் வீதி முனைவரை கேட்கிறது என்பதும் இதனால்தான். சோமனூர், பல்லடம் பக்கம் இருப்பவர்களுக்கு வலிக்குப் பாட்டுச் சிபாரிசு செய்கிறவர்கள் முதலில் இதை யோசிக்க வேண்டும்.

“உங்களுக்கு என்னதாம்மா வேணும்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உடுக்கைப் பாட்டு இருக்குதா அதுல?” என்றார்.

இருந்தது. பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பிகளின் கதையான அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடுவது எங்கள் சீமையின் வழக்கம். காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் 1965-ல் அதை முழுசாக ஒலிப்பதிவே செய்திருக்கிறார். தண்டுவட வாயில் பற்றிய கட்டுரை வந்த அதே வருஷம் என்பதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கதையில் வீரம் உண்டு, படுகளத்தில் அண்ணன்மார் விழும் இடத்தில் அழுகையும் உண்டு. மன அமைதிக்கு உகந்தது என்று எந்த நிபுணரும் அதைச் சிபாரிசு செய்ய மாட்டார். அம்மாவுக்கு அது சின்ன வயசில் அவருடைய அப்புச்சி மடியில் உட்கார்ந்து கேட்டது.

அதற்கப்புறம் பயிற்சி நடந்த விதத்தை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, குதிகாலை மெத்தைமேல் இழுத்து இழுத்து முட்டியை மடக்க வேண்டும். போர்வையில் குதிகால் சிக்கும் என்று, ஜவுளிக்கடைப் பாலிதீன் கவர் ஒன்றைக் காலில் மாட்டிவிட்டிருந்தோம். உடுக்கை தொடங்கியதும் முதல் சில நிமிஷம் அம்மா காலை அசைக்கவே மாட்டார். கேட்பார். தோள் இறங்கும். தலையணை ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் பிரியும். பாட்டுக்காரர் ஒரு அடியை இழுத்து முடிக்கிற இடத்தில் அம்மா மூச்சை விடுவார், அந்த மூச்சோடு குதிகால் சரக்கென்று பின்னால் வரும். அடுத்த அடிக்குத் திரும்பப் போகும். வலித்தது. முகத்தில் தெரிந்தது. “வலிக்குதாம்மா?” என்றால், “வலிக்காம என்னொ பண்ணும், பேசாம கேளு, சங்கரு வாரான்” என்று அதட்டுவார். மாத்திரையையும் நிறுத்தவில்லை, டாக்டர் எழுதிய நேரத்துக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். மாத்திரை போட்டு அரை மணி கழித்துப் பாட்டு, பாட்டோடு பயிற்சி என்று ஒரு முறை உண்டாயிற்று. கோபிக்காரப் பையன் வந்து பார்த்துவிட்டு, “இதையே வெச்சுக்கலாமுங்க” என்றான்.

இதற்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது? 2015-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பெரிய அலசல் வந்தது. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் இடையிலும் பாட்டுக் கேட்டவர்களைப் பற்றிய 73 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வலி குறைந்தது, பதற்றம் குறைந்தது, வலி மருந்தின் தேவையும் குறைந்தது. முழு மயக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூட ஓரளவு பலன் தெரிந்ததாம். ஆனால் ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் குறையவில்லை. நோயாளி தானே தேர்ந்தெடுத்த பாட்டு என்றால் பலன் இம்மி கூடியது, அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. இதற்கு முன்பே, 2006-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் அலசல் ஒன்று இன்னும் கறாராகச் சொன்னது: 10-க்கு இத்தனை என்று வலியை எண்ணால் கேட்டால், பாட்டினால் குறைவது சுமார் அரை எண்.

அரை எண் என்பது பெரிசா? மருந்தைத் தூக்கிப் போடுமளவுக்கு நிச்சயமாகப் பெரிசில்லை. ஆனால் இந்த அரை எண்ணுக்குச் செலவில்லை, வயிறு புண்ணாகாது, கிட்னி கெடாது. எங்கள் ஊர் மெடிக்கல்களில் ‘வலி மாத்திரை ரெண்டு குடுங்க’ என்று சீட்டில்லாமல் வாங்கி வருஷக்கணக்காக விழுங்குகிறவர்களைப் பார்க்கும்போது, அரை எண்ணும் மதிப்பானதாகத்தான் தெரிகிறது. அப்புறம் இந்தக் கணக்கில் இன்னொன்று விடுபட்டுப் போகிறது. அம்மா பயிற்சியைத் தவிர்க்காமல் செய்தார். முட்டியை மடக்கிக் கொடுத்தது பயிற்சி. அந்த வேளைக்குப் பயப்படாமல் உட்கார வைத்தது உடுக்கை.

வாட்ஸாப்பில் வருகிற ராகப் பட்டியல்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரைக்கு இந்த ராகம், பிரஷருக்கு அந்த ராகம், ஒற்றைத் தலைவலிக்கு இன்னொன்று என்று மாத்திரைச் சீட்டுப் போல வருகிறது. நீலாம்பரியில் தாலாட்டினால் பிள்ளை தூங்கும் என்பது நம் பழக்கம், இனிமையான பழக்கம். அதற்காக ஒரு ராகம் ஒரு வியாதியைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. நிதானமான தாளம், நிமிஷத்துக்கு 60-லிருந்து 80 அடிக்குள் இருப்பது, உடம்பை அமர்த்த உதவுகிறது என்று இசை சிகிச்சையில் வழக்கமாகச் சொல்வார்கள். அதோடு சரி. அந்தப் பட்டியலை அனுப்பும் அண்ணன்கள் தயவுசெய்து என்னை குரூப்பிலிருந்து எடுத்துவிடலாம்.

என் இடுப்புக்குப் பாட்டு மட்டும் போதவில்லை. நாள்பட்ட குறுக்கு வலியில், முதலில் எது பிடித்துக்கொண்டதோ அது போன பிறகும், சுற்றியிருக்கும் தசைகள் காவல் காப்பதை விடுவதில்லை. இறுகுகின்றன, இறுகுவதே வலிக்கிறது, வலிப்பதால் இன்னும் இறுகுகின்றன. ராத்திரித் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் சின்ன வலியும் பெரிதாகத் தெரிகிறது. இந்த வட்டத்தை எங்கேயாவது ஒரு இடத்தில் வெட்ட வேண்டும். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற சிகாகோ மருத்துவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து 1929-லேயே புத்தகமாக எழுதினார். தளர விடு என்றால் தசைக்குத் தெரியாது, முதலில் இறுக்கிக் காட்டிவிட்டு விடு என்பதுதான் அதன் சாரம். அமெரிக்க உள்மருத்துவர்கள் கல்லூரி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் முயலச் சொன்னவற்றில், உடற்பயிற்சி, யோகா இவற்றோடு இந்தத் தசை தளர்த்தலும் இருக்கிறது.

செய்வது இப்படி. மல்லாக்கப் படுத்து, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. வலது பாதத்தை முகத்தை நோக்கி இழுத்து ஐந்தாறு நொடி இறுக்க வேண்டும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளாத அளவுக்கு. சட்டென்று விட வேண்டும். விட்ட பிறகு வருகிற அந்தக் கனத்தைக் கொஞ்ச நேரம் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். அவசரப்பட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது. அப்புறம் இடது பாதம், தொடை, வயிறு, கை முஷ்டி, தோள், கடைசியில் முகம். வலிக்கிற இடத்தை இறுக்காமல் தாண்டிவிடலாம். நான் இதோடு மூச்சையும் சேர்த்துக்கொண்டேன்: நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு இறங்குவதை மணிக்கட்டில் விரல் வைத்தே பார்க்கலாம். ஆரம்பத்தில் எனக்கு ஒன்றுமே நடக்கவில்லை. மனசு ஆறாம் வகுப்பு பேப்பர் திருத்தப் போய்விட்டது. தாடையை நாள் முழுக்கக் கடித்துக்கொண்டே இருக்கிறேன் என்பதைக் கண்டுபிடித்ததுதான் முதல் லாபம்.

முறை எளிது. படுப்பதற்கு அனுமதிதான் கஷ்டம். மத்தியான வேளையில் ரூமில் படுத்துக் கண்ணை மூடினால் அத்தை வந்து எட்டிப் பார்ப்பார்கள். “ஏங்கண்ணு, என்ன பண்ணுது?” பயிற்சி பண்றேனுங்க என்றால், “படுத்துக்கிட்டா?” என்பார்கள். கேட்டதில் தப்பில்லை. அவர்கள் காலத்தில் படுத்துக்கொண்டு செய்த வேலை எதுவுமில்லை. ஒரு நாள் “முருகனை நெனச்சுட்டிருக்கேனுங்கத்தெ” என்று சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து அவர்களே கதவைச் சாத்திவிட்டு, “அம்மா சாமி கும்பிடறா, சத்தம் போடாதீங்க” என்று பிள்ளைகளை அதட்டுகிறார்கள். அப்புறம் அது பொய்யாகவும் இல்லை. ஹார்வர்டில் இதய மருத்துவராக இருந்த ஹெர்பர்ட் பென்சன் 1975-ல் தன் முறையை எழுதியபோது, ஒரு சொல்லையோ ஜெபத்தையோ வெளிமூச்சோடு திருப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னார். மனசு விலகினால் திட்டிக்கொள்ளாமல் திரும்பி வரச் சொன்னார். அப்படி இருக்கும்போது மூச்சும் துடிப்பும் இறங்குவதை அளந்தும் காட்டினார். எண்ணுவதற்குப் பதில் ‘முருகா’ என்று விட்டேன். முருகன் குடியிருக்கும் சிவன்மலைக்குப் பக்கத்தில் பிறந்தவளுக்கு அது எண்ணைவிட நன்றாக ஒட்டுகிறது.

இந்த ‘சும்மா’ விஷயத்தில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. எங்கள் முன்னோர்களுக்கு ஓய்வே தெரியாது என்பதை நான் நம்பவில்லை. அப்பாரு கவலை ஓட்டும்போது, அதாவது மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும்போது, பாடிக்கொண்டே ஓட்டுவாராம். மாடு பின்னால் வந்து சால் கிணற்றுக்குள் இறங்கும்வரை ஒரு இழுப்பு, முன்னால் போய்த் தண்ணீர் கொட்டும்வரை இன்னொன்று. மூச்சும் நடையும் பாட்டும் ஒரே அளவில் போயிருக்கும். இடைவேளை வேலைக்குள்ளேயே இருந்தது. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்து, அப்புறம் ஒவ்வொரு கிணறாக மோட்டார் ஏறியது. அது பெரிய விடுதலை, கவலை ஓட்டியவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் பாட்டும் அதோடு போயிற்று. தறி வந்தது. தறிக்குப் பக்கத்தில் நின்று யாரும் பாட முடியாது, பாடினால் பாடுகிறவருக்கே கேட்காது. உழைப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே இருந்த மூச்சை விட்டுவிட்டோம் என்று எனக்குத் தோன்றும்.

வருஷத்துக்கு ஒருமுறை அது திரும்பி வருகிறது. மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்ட பிறகு ராத்திரியில் போய்ப் பாருங்கள். பகலில் பஸ் படி ஏற மாட்டேன் என்கிற ஆட்கள், மேளம் விழுந்ததும் கம்பத்தைச் சுற்றி வேர்க்க விறுவிறுக்க ஆடுகிறார்கள். மறுநாள் காலையில் தைலம் தேய்த்துக்கொண்டு முனகுவதும் அவர்கள்தான். வலி மங்கியதே தவிர மூட்டு அதே மூட்டுதான். பாட்டு நம்பிக்கைக்காரர்கள் இந்த மறுநாள் காலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆகையால் சிலவற்றுக்குப் பாட்டைத் தேடக் கூடாது. இடுப்பு வலியோடு கால் வலுவிழந்தால், உட்காரும் இடம் மரத்துப்போனால், மூத்திரமோ மலமோ கட்டுப்பாடு தவறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுந்தபின் வருவது எல்லாம் டாக்டர் பார்க்க வேண்டியவை. நெஞ்சு அழுத்துகிறது என்றால் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு உட்காரக் கூடாது, வண்டி கூப்பிட வேண்டும். சத்தமும் அளவோடு இருக்கட்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஏற்கெனவே தறியில் காதைக் கொடுத்தவர்கள் இயர்போனைக் காதில் திணித்து மீதியையும் கொடுக்க வேண்டாம், தலைமாட்டில் ஒரு சின்ன ஸ்பீக்கர் போதும்.

அம்மா இப்போது முட்டியை நன்றாக மடக்குகிறார். கீழே சம்மணம் போடக் கூடாது என்று டாக்டர் சொன்னதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தோள் இறுகிப்போய், கையைத் தூக்கித் தலை வாரவே முடியவில்லை. சுவரில் விரலை ஏற்றி ஏற்றிக் கையை உயர்த்தும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். “உங்கம்மாவுக்குப் போட்ட பாட்டையே எனக்கும் ஏத்திக் குடு கண்ணு” என்று மெமரி கார்டோடு வந்தார். அது அம்மாவுக்குக்கா, உங்களுக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்லுங்க என்றேன். வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டு, சாயங்காலம் மறுபடி வந்து மெல்லக் கேட்டார்: “நம்ம நோம்பிக்கு அடிச்ச ஜமாப் இருக்குதா?”

ஏற்றிக் கொடுத்தேன். இப்போது காலையில் பால்காரர் வருகிற நேரத்துக்கு அந்த வீட்டில் ஜமாப் மேளம் அதிர்கிறது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அவர் வீட்டுக்காரர் என்னிடம் வந்து முறையிடுகிறார்.